புழுவை நசுக்குமுன்: மாடித் தோட்டத்துக்கு ஓர் அறிகுறி வழிகாட்டி

புடலைப் பந்தலில் ஒருநாள் ஒரு பச்சைப் புழு கண்ணில் பட்டது. உடம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாக, அரிசிக் குருணையை ஒட்டிவைத்த மாதிரி முப்பது நாற்பது. "அடப்பாவி, இத்தனை முட்டையா!" என்று இலையோடு கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டேன். பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்ட நிம்மதியில் ஒரு காபியும் குடித்தேன். புழு முட்டையிடாது என்ற பள்ளிக்கூடப் பாடம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. முட்டையிடுவது அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும். புழு அவற்றின் பிள்ளை. நான் சோப்புத் தண்ணீரில் முக்கியது, அந்தப் புழுவைத் தின்று முடித்து வெளியே வந்து கூடு கட்டியிருந்த குட்டிக் குளவிகளை. அதாவது, என் சம்பளமில்லாக் காவல்காரர்களை.

அதற்குப் பிறகு எதையும் கிள்ளுவதற்கு முன் பார்க்கிற பழக்கம் வந்தது. அந்தப் பார்வையைத்தான் அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன். தேவையானவை: பத்து மடங்கு காட்டும் கை லென்ஸ் (இல்லையென்றால் செல்போன் கேமரா ஜூம்), டார்ச், வாயகன்ற கண்ணாடி பாட்டில் இரண்டு மூன்று, பழைய வேட்டித் துணி, ரப்பர் பேண்ட்.

இலையில் ஓட்டை இருக்கிறது, புழுவைக் காணோம்

இலையை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். புழு ஒளியலாம், புழுக்கை ஒளியாது. கடுகு அளவிலோ மிளகு அளவிலோ கரும்பச்சை உருண்டைகள் கிடந்தால் அதற்கு நேர் மேலே ஆள் இருக்கிறது. நந்தியாவட்டைக்கு அடியில் மிளகு கொட்டியது போலக் கிடந்தால், மேலே விரல் தடிமனில், நீலக் கண் வரைந்த மாதிரி ஒரு பச்சைப் புழு, வாலில் ஒரு கொம்போடு இருக்கும். அரளி அந்தின் புழு அது. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான்; கையால் எடுத்தால் போதும்.

உருண்டை எதுவும் இல்லாமல் பளபளவென்று காய்ந்த கோடு இருந்தால் நத்தை. ரோஜா இலை ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியது போல அரைவட்டம் இருந்தால் இலைவெட்டும் தேனீ; கூடு கட்ட எடுத்துப்போகிறது, செடிக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள்.

புழுக்கை இருந்தும் பகலில் ஆளைக் காணவில்லையென்றால் இரவு ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். வளர்ந்த புகையிலை வெட்டுப்புழு பகலில் தொட்டி மண்ணிலும் தொட்டிக்கு அடியிலும் பதுங்கிவிட்டு ராத்திரிதான் ஏறும். புடலையில் இலை ஓரம் மடிந்து, உள்ளே பச்சை நிறத்தில் முதுகை வளைத்து வளைத்து நடக்கிற ஒன்று இருந்தால் அது காவடிப்புழு. இலை நரம்போடு நரம்பாகப் படுத்துக்கிடக்கும். இலையைச் சுண்டினால்தான் தெரியும்.

இலை கண்ணாடித் தாள் மாதிரி ஆகிவிட்டது

ஓட்டை இல்லை, பச்சையம் மட்டும் சுரண்டப்பட்டு நரம்புகள் வலை போல நிற்கின்றன. திருப்பிப் பார்த்தால் ஊசிமுனை அளவுப் புழுக்கள் கூட்டமாக இருக்கும். இதுவும் புகையிலை வெட்டுப்புழுதான், பிறந்து ஓரிரு நாள் ஆனது. தாய் அந்து நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, தன் உடம்பிலுள்ள பழுப்பு ரோமத்தால் போர்த்திவிட்டுப் போகும். இந்தக் கட்டத்தில் வேலை மிகச் சுலபம்: அந்த ஒரு இலையைக் கிள்ளினால் நூறு புழு போயிற்று. நாலு நாள் தள்ளிப்போட்டால் தோட்டம் முழுக்கத் தேட வேண்டும்.

கடையில் ஒரு முட்டை ஒட்டுண்ணி அட்டையை (பூச்சி முட்டைக்குள் வளரும் குட்டிக் குளவிகளை ஒட்டி விற்கும் காகித அட்டை) காட்டி "எல்லாப் புழுவுக்கும் இது ஒன்றே போதும்" என்று சொன்னால், இந்த ரோமக் குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் வரும் டிரைக்கோகிரம்மா குளவி அரை மில்லிமீட்டர்தான். ரோமத்தைத் தாண்டி, அடுக்கடுக்கான முட்டைகளில் கீழடுக்கை எட்டுவது அதற்குக் கஷ்டம். அந்த வேலைக்கு டெலினோமஸ் ரீமஸ் என்ற வேறொரு முட்டைக் குளவி உண்டு. பப்புவா நியூ கினியிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது.

இடம் இருந்தால் ஓரத்தில் ஓர் ஆமணக்குச் செடி வையுங்கள். வெட்டுப்புழுவின் தாய் அந்துக்கு அதன் மேல் ஆசை அதிகம். முட்டைக் குவியலை அதில் தேடிக் கிள்ளலாம்.

புழு மேல் வெள்ளை அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறது

என்னை ஏமாற்றிய அறிகுறி இது. லென்ஸில் பார்த்தால் அது முட்டையல்ல, பட்டு நூலில் பின்னிய நீள்வட்டக் கூடு என்று தெரியும். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். கோட்டீசியா, அபான்டிலிஸ் போன்ற இனங்களைச் சேர்ந்த குளவிகளின் வேலை. கொசுவை விடப் பெரிதில்லை, மனிதரைக் கொட்டுவதில்லை.

நடந்தது இதுதான். புழு சிறிசாக இருக்கும்போதே தாய்க் குளவி அதன் உடம்புக்குள் முட்டைகளைச் செலுத்திவிட்டது. முட்டையோடு ஒரு வைரஸும் உள்ளே போகிறது. அது புழுவின் எதிர்ப்புச் சக்தியை முடக்கிவிடுவதால், அந்நிய முட்டை என்று புழுவின் உடம்புக்குத் தெரிவதில்லை. குளவிக் குஞ்சுகள் புழுவின் உடல் திரவத்தைக் குடித்து வளர்கின்றன; உயிர்நிலையைத் தொடுவதில்லை, புழு செத்தால் சாப்பாடு கெட்டுப்போகுமே. வளர்ந்து முடிந்ததும் தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு பின்னுகின்றன. ஆகவே வெள்ளைக் கூடு தெரிகிறதென்றால் புழு ஏற்கெனவே முடிந்த கதை. அசைந்தாலும் அநேகமாக இனி இலையைத் தொடாது. சில இனங்களில், சாகக்கிடக்கும் அந்தப் புழுவே கூடுகளின் மேல் படுத்து, நெருங்கும் பூச்சிகளைத் தலையால் தட்டிவிட்டுக் காவலும் காக்கிறது. கொள்ளை போனவனையே கொள்ளைக்காரன் வீட்டுக்குக் காவல் வைத்த கதை.

செய்ய வேண்டியது: ஒன்றுமில்லை. இலையைக் கிள்ளாதீர்கள், வேப்ப எண்ணெயும் அடிக்காதீர்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குளவிகள் வெளியேறும். கூட்டின் நுனி மூடி திறந்தது போல வட்டமாக வெட்டப்பட்டிருந்தால் நம் குளவி வந்துவிட்டது. பக்கவாட்டில் கரடுமுரடான சின்ன ஓட்டை என்றால், அந்தக் குளவிக் குஞ்சையே தின்கிற இன்னொரு குளவி வந்து போயிருக்கிறது. அதற்கு நம்மிடம் வைத்தியம் இல்லை.

எல்லாக் குளவியும் கூட்டமாகக் கூடு கட்டாது. ஆமணக்குக் காவடிப்புழுவின் வால் பக்கத்தில் ஒரே ஒரு கூடு ஒட்டியிருக்கும், அது மைக்ரோபிளைட்டிஸ். முட்டைக்கோஸ் இலையில் ஒற்றை வெள்ளைக் கூடு கிடந்தால் அது வைரமுதுகு அந்தின் புழுவைத் தின்ற கோட்டீசியாவாக இருக்கலாம். அந்தப் புழுவுக்குச் சமவெளி வெயிலில் கோட்டீசியா. நீலகிரி மாதிரிக் குளிர்ந்த இடத்தில் டயாடெக்மா என்ற வேறு குளவி. ஊட்டியில் பலன் தந்ததை மதுரை மொட்டை மாடியில் எதிர்பார்க்க முடியாது.

புழு அசையாமல் கிடக்கிறது

நாலு காரணம் உண்டு, நாலுக்கும் வெவ்வேறு செய்கை. இங்கே அவசரப்பட்டால்தான் அதிக நஷ்டம்.

தலைகீழாகத் தொங்குகிறதா? செடி உச்சியில், பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு, உடம்பு கறுத்துத் தளர்ந்து, தொட்டால் தோல் கிழிந்து கஞ்சி மாதிரி வழிந்தால் அது என்.பி.வி. என்கிற நச்சுயிரி நோய். மனிதருக்கோ தேனீக்கோ ஒன்றும் செய்யாது. பெரும்பாலும் அந்தந்தப் புழு இனத்தோடு நின்றுவிடும். நான் இப்படித் தொங்குபவற்றை நாலைந்து எடுத்து நசுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை சேர்த்துச் சாயங்காலம் அதே வகைப் புழு இருக்கும் செடியில் தெளிப்பேன். வெயிலில் தெளித்தால் நச்சுயிரி செத்துவிடும். அந்தக் கரைசலின் நாற்றத்துக்கு வீட்டில் கிடைக்கும் திட்டு தனி.

உடம்பு விறைத்து, மேலே மாவு பூசியது போல வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருக்கிறதா? பூஞ்சை. மழைக்காலத்தில், ஈரம் அதிகமாக இருக்கும்போது வரும். அப்படியே விடுங்கள், காற்றில் பரவட்டும்.

நிறம் மாறவில்லை, அழுகவில்லை, ஆனால் குத்தினாலும் அசையவில்லையா? லென்ஸை எடுங்கள். பக்கத்திலோ அடியிலோ சின்னச் சின்னக் குஞ்சுகள் வெளியே ஒட்டிக்கொண்டு உறிஞ்சினால் அது பிராகான் குளவி. அது புழுவைக் கொட்டி முடக்கிவிட்டு, முட்டையை உள்ளே வைக்காமல் உடம்பின் மேல் இடும். தென்னையில் கருந்தலைப்புழுவை அடக்க ஒட்டுண்ணிக் குளவிகளை விடுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் இதன் இனமும் உண்டு. அதே வேலைக்கு வரும் கோனியோசஸ் குளவி முட்டையிட்டபின் ஓடிவிடாது. குஞ்சுகள் வளரும்வரை புழுவின் பக்கத்திலேயே உட்கார்ந்து காக்கும்.

நாலாவது: ஒன்றுமே இல்லை. தோல் உரிக்கப்போகும் புழு ஒருநாள் சாப்பிடாமல் அசையாமல் இருக்கும். தலைக்குப் பின்னால் புடைத்திருந்தால் இதுதான். மறுநாள் முன்னைவிட அதிகமாகத் தின்னும். ஆகவே சந்தேகம் என்றால் பாட்டிலில் போடுங்கள்.

பாட்டில் சோதனை

புழுவை அதே செடியின் இலையோடு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்து, தினமும் இலை மாற்றுங்கள். மூடியை இறுக்கினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒன்று, அது கூட்டுப்புழுவாகி அந்து வரும். அல்லது பாதியிலேயே கூடு கட்டிக் குளவி வரும். பத்துப் புழுவில் எத்தனையில் குளவி வருகிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் வந்தால் நான் எந்தத் தெளிப்பும் செய்வதில்லை. இது என் கணக்கு, எங்கும் எழுதிவைத்த விதியல்ல. குளவிகள் வந்ததும் துணியை அவிழ்த்துத் தோட்டத்தில் விட்டுவிடுங்கள்.

பாட்டிலில் அந்துக்குப் பதிலாக ஈ வந்தது

வீட்டு ஈ மாதிரி, ஆனால் முதுகெல்லாம் முரட்டு மயிரோடு ஒன்று பறந்தால் பயப்பட வேண்டாம். அது அழுகலைத் தேடி வந்த ஈயல்ல, டாக்கினிட் என்கிற ஒட்டுண்ணி ஈ. தோட்டத்தில் பெரிய புழுவின் தலைக்குப் பின்னால் வெள்ளைப் பொட்டு மாதிரி ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் அது இந்த ஈயின் முட்டை. இங்கே நிஜமாகவே முட்டைதான். பாட்டிலின் அடியில் பழுப்பு மாத்திரை போலக் கிடப்பது அதன் கூடு.

இதே குடும்பத்து ஈ ஒன்றை ஓசூர், தருமபுரிப் பக்கத்துப் பட்டு விவசாயியிடம் புகழ்ந்து பேசிவிடாதீர்கள். அவர் ஊசி ஈ என்று திட்டுவது இந்த வகையைத்தான். பட்டுப்புழுவும் புழுதானே! 1980 வாக்கில் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து அது அவர்களைப் படாதபாடு படுத்துகிறது. அதன் கூட்டைத் துளைக்கிற நெசோலிங்க்ஸ் என்ற குளவியை வாங்கி விடுகிறார்கள்.

முட்டை கறுத்துவிட்டது

எலுமிச்சைக் கொழுந்தில் வெளிர் மஞ்சளாக இருந்த ஒற்றை முட்டை கறுப்பாகிவிட்டது என்றால் இரண்டில் ஒன்று. பொரிப்பதற்கு முந்தைய நாள் உள்ளே புழுவின் தலை நிழலாடும். மறுநாள் ஓடு காலியாகும். அப்படியில்லாமல் முழுதும் ஒரே கறுப்பாகி, நாள்கணக்கில் அப்படியே இருந்தால் உள்ளே டிரைக்கோகிரம்மா வகைக் குளவி வளர்கிறது. தொடாதீர்கள். புழு பிறப்பதற்கு முன்பே கணக்கைத் தீர்க்கிற ஒட்டுண்ணி இது. இலைக்கு ஒரு கடி நஷ்டம்கூட இல்லை.

அட்டை வாங்கிக் கட்டினேன், புழு குறையவில்லை

பெரும்பாலும் தப்பு அட்டையில் இல்லை. அது முட்டை ஒட்டுண்ணி. புழு பிறந்தபின் கட்டினால் அதைக் குளவி திரும்பிக்கூடப் பார்க்காது. முதல் அந்து பறப்பதைப் பார்க்கும்போதே கட்ட வேண்டும், வாரம் ஒன்றாக மூன்று நான்கு தடவை. ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை ஒட்டிய அட்டையில் சுமார் 18,000 முதல் 20,000 முட்டைகள். ஒரு மாடிக்கு அது ஊர்ச் சாப்பாடு. துண்டுகளாக வெட்டி அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம், வெயிலும் மழையும் படாமல் பின் அடியுங்கள். எறும்பு ஏறுகிற செடியில் கட்டினால் எறும்புக்கு விருந்து. கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரமாவது எதையும் தெளிக்கக் கூடாது.

தக்காளியில் இன்னொரு சிக்கல்: இலையிலும் தண்டிலும் உள்ள பிசுபிசுப்பு மயிரில் இந்தக் குளவி சிக்கித் திணறும். ஆகவே தக்காளியில் கட்டிப் பலன் குறைந்தால் ஆச்சரியமில்லை.

அட்டையில் ஒட்டியிருப்பவை அரிசி அந்தின் முட்டைகள். சமையலறையில் ரவையையும் அரிசியையும் நூலாம்படையாகப் பின்னிவைக்குமே, அதே பூச்சி. அதை ஆய்வகத்தில் வளர்த்து, அதன் முட்டையில் குளவியை வளர்க்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்தால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள்.

தக்காளியில் வட்டத் துளை

தலை காய்க்குள், பாதி உடம்பு வெளியே என்று நின்றால் பச்சைக் காய்ப்புழு. அந்தக் காயைப் பறித்து அழித்துவிடுங்கள். ஒரே புழு காய் மாற்றி மாற்றிக் கெடுக்கும். இதற்குக் காம்போலெட்டிஸ் என்ற குளவி அருமையான ஆள். புழு இளசாக இருக்கும்போதே, காயைத் தொடுவதற்கு முன்பே முடித்துவிடும். இலையில் கறுப்புத் திட்டு விழுந்த ஒற்றைக் கூடும், பக்கத்தில் சுருங்கிய புழுத்தோலும் இருந்தால் அதன் கைவரிசை.

காய்ப்புழுவின் தாய் அந்து தக்காளியை விட்டுச் சாமந்தி மொட்டில் முட்டையிடட்டும் என்று, வயல்காரர்கள் பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை துலுக்க சாமந்தி நடுவது வழக்கம். சாமந்தி நாற்று 45 நாள், தக்காளி நாற்று 25 நாள் வயதில். மொட்டு வரும் நேரம் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் கணக்கு. தொட்டியிலும் அந்த இருபது நாள் முந்தலை விடாதீர்கள். ஒரே நாளில் விதைத்தால் சாமந்தி அழகுக்குத்தான் ஆகும்.

கத்தரி நுனி வாடித் தொங்குகிறது

தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை, தண்டில் எச்சம் அடைத்த ஓட்டை இருக்கிறது என்றால் தண்டு, காய் துளைப்பான். இங்கே குளவியை நம்பிக் காத்திருக்காதீர்கள். டிரத்தாலா என்ற குளவி உண்டுதான். ஆனால் புழு பிறந்த சில மணி நேரத்திலேயே தண்டுக்குள் புகுந்து, வாசலையும் அடைத்துக்கொள்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். மட்கு உரத் தொட்டியில் போட்டால் அங்கிருந்தே அந்தாகி வரும். ஆண் அந்தை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று மாட்டலாம்.

எலுமிச்சை, கறிவேப்பிலையில் பறவை எச்சம் நகர்கிறது

எச்சமல்ல, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. கடைசித் தோல் உரித்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவட்டை போலச் செந்நிறக் கொம்பை நீட்டி நாற்றம் பரப்பும். வளர்ந்த மரத்தை இது ஒன்றும் செய்யாது. ஒரு சாண் கன்று என்றால் மொட்டையாக்கிவிடும். எடுத்துப் பெரிய செடியில் விடுங்கள். அதன் கூட்டுப்புழு பழுப்பேறி, ஒரு சின்னத் துளையோடு இருந்தால் உள்ளே வளர்ந்தது வண்ணத்துப்பூச்சியல்ல. டெரோமாலஸ் என்ற குளவி, புழு கூடாகும் நேரம் வரை பக்கத்திலேயே காத்திருந்து, தோல் இளகலாக இருக்கும்போது முட்டையிட்டுவிடும். பிள்ளைகளுக்குப் பட்டாம்பூச்சி காட்டுகிறேன் என்று கூட்டை எடுத்துவைத்து, கடைசியில் கொசுக்கூட்டம் போல எதுவோ பறந்து நாம் அசடு வழிவது இதனால்தான்.

முருங்கை மரத்தில் கம்பளிப்புழுக் கூட்டம்

இதில் பொறுமை காட்ட வேண்டாம். மயிர் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும். பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போது நீளக் குச்சியில் துணி சுற்றி சோப்புத் தண்ணீரில் நனைத்து வழித்துவிடுங்கள். கையுறை கட்டாயம்.

தெளித்தே ஆக வேண்டும் என்றால்

வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு சாயங்காலம். பி.டி. என்கிற பாக்டீரியா மருந்தும் உண்டு, அது புழுக்களை மட்டும்தான் கொல்லும். ஆனால் உள்ளே குளவிக் குஞ்சு இருக்கிற புழு செத்தால் குஞ்சும் போயிற்று. வெள்ளைக் கூடு கண்ட செடியை விட்டுவிட்டு மற்றதில் அடியுங்கள்.

குளவியே வரவில்லை

பூ இல்லாத தோட்டத்துக்கு அது ஏன் வரும்? குஞ்சுக்குத்தான் புழு, தாய்க்குத் தேன் வேண்டும், அதுவும் இந்தச் சின்ன வாய்க்கு எட்டுகிற ஆழமில்லாப் பூவில். ஒரு தொட்டிக் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். சோம்பு, சதகுப்பை, துளசியும் ஆகும். தட்டைப்பயறு பூக்காத நேரத்திலும் இலைக்காம்புப் பக்கம் தேன் சுரக்கும். செடியும் சும்மா இருப்பதில்லை: புழு கடித்த மக்காச்சோளம் ஒருவித வாசனை விட்டுக் குளவியை அழைக்கிறது என்று 1990-ல் அமெரிக்காவில் சோதித்துக் காட்டினார்கள்.

ஜன்னலில் மண் குடம்

கட்டைவிரல் நக அளவில், கழுத்து வைத்த குட்டி மண்பானை ஒட்டியிருந்தால் உள்ளே இருப்பது உங்கள் தோட்டத்துப் புழுக்கள். குளவி முதலில் ஒரு முட்டையை இட்டுவிட்டு, புழுக்களைக் கொட்டி முடக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வாயை மூடிவிடுகிறது. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான். புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நடுவில் நடந்த சாப்பாடு மட்டும் மண்சுவருக்குள் மறைந்துவிட்டது. நீளக் குழாய் குழாயாகக் கட்டுவது வேறொரு குளவி, அது சிலந்தி பிடிப்பது. புழுக் கணக்கில் சேராது.

வெள்ளையடிக்க ஆள் வருகிறார் என்றால் முதலில் குடத்தைப் பாருங்கள். வாய் மூடி, ஓட்டை எதுவும் இல்லையென்றால் உள்ளே ஆள் இருக்கிறது, அந்த இடத்தை மட்டும் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் காலி, சுரண்டிவிடலாம்.